ஏலக்காய் விலைக்கு ஒரு நீட்சி, மேகமலைக்கு ஒரு செயலி

போடிநாயக்கனூரிலோ, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலோ ஏலக்காய் ஏலம் முடிந்தால், அன்றைய கணக்கு ஸ்பைசஸ் போர்டின் இணையதளத்தில் ஓர் அட்டவணையாக ஏறிவிடுகிறது. ஏலத் தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், எத்தனை லாட், வந்த சரக்கு எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை. இவ்வளவும் ஒரே வரியில். காயை இந்த வாரம் ஏலத்துக்கு அனுப்புவதா, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பதா என்று யோசிக்கும் தோட்டக்காரருக்கு அந்த ஒரு வரி போதும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய் இது. 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. இப்படி ஏறி இறங்கும் சரக்குக்குப் பழைய விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

ஆனால் அந்த வரி பலருக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. யாரோ ஒருவர் பார்த்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். நாலு குழு தாண்டி வருவதற்குள் தேதி உதிர்ந்துபோய், அதிகபட்ச விலை மட்டும் மிஞ்சியிருக்கும். நிரல் எழுதுவதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட ஒருவர், அலுவலக வேலை போக மிச்சமிருக்கும் நேரத்திலேயே இந்தக் குறையைத் தீர்க்கலாம். பிரவுசருக்கு ஒரு நீட்சி, போனுக்கு ஒரு சின்னச் செயலி. இரண்டையும் எப்படிச் செய்வது, எங்கே மாட்டிக்கொள்ளும், எதைச் செய்யாமல் விடுவது நல்லது என்பதை ஏலக்காய் விலையையும் மேகமலையையும் வைத்தே சொல்கிறேன்.

நீட்சி என்றால் என்ன

எக்ஸ்டென்ஷன் என்று சொல்கிறோமே, அந்த நீட்சி தனியாக ஓடும் மென்பொருள் அல்ல. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்ற பிரவுசருக்குள் குடியேறி, நாம் திறக்கும் பக்கங்களைப் படிக்கவோ மாற்றவோ கூடுதலாக எதையாவது காட்டவோ செய்யும் சிறு நிரல் அது. எழுதுவதற்கு ஜாவாஸ்கிரிப்டும் கொஞ்சம் எச்.டி.எம்.எல்லும் தெரிந்தால் போதும். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினை ரேமண்ட் ஹில் என்ற தனி மனிதர் 2014இல் தொடங்கினார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் கருவி ஒன்று அப்படித்தான் வந்தது.

நீட்சிக்கு அடிப்படை ஒரே ஒரு கோப்புறை. அதற்குள் மேனிஃபெஸ்ட் என்ற கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும். நீட்சியின் பெயர், பதிப்பு எண், எந்தெந்தத் தளங்களில் அது வேலை செய்யும், என்னென்ன அனுமதி வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்துக்குள் நுழைந்து படிக்கும் நிரல் இன்னொரு கோப்பு. பின்னணியில் ஓடும் நிரல் மற்றொன்று. மேலே உள்ள சின்னப் படத்தைத் தட்டினால் விரியும் குட்டித் திரை வேறொன்று. நான்கையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முதல் நாளுக்கு மேனிஃபெஸ்டும் ஒரு நிரலும் போதும்.

எழுதிய கோப்புறையைக் குரோமின் நீட்சிகள் பக்கத்துக்குப் போய், டெவலப்பர் மோடை இயக்கி, அப்படியே ஏற்றிவிடலாம். கடையில் போட வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே வசதி உண்டு, ஆனால் அங்கே தற்காலிகமாக ஏற்றிய நீட்சி பிரவுசரை மூடித் திறந்தால் காணாமல் போய்விடும். நிலையாக இருக்க மொசில்லாவின் கையொப்பம் வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை.

ஏலக்காய் விலை நீட்சியின் வேலை ஒன்றுதான். அட்டவணையில் புதிய வரி வந்திருக்கிறதா என்று பார்த்து, சராசரி விலையை எடுத்து, நேற்றைய விலையோடு ஒப்பிட்டுத் தமிழில் காட்ட வேண்டும். சொல்லும்போது எளிது. எழுதும்போது சில இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, விலையைத் தேடும் விதம். இத்தனையாவது பத்தியில் சராசரி விலை இருக்கிறது என்று எண்ணி எடுக்கும்படி எழுதிவிட்டால், தளத்தில் நாளை ஒரு பத்தியைக் கூட்டினால் போதும், நீட்சி அதிகபட்ச விலையைச் சராசரி என்று காட்டத் தொடங்கும். பிழை என்று எந்த அறிகுறியும் தெரியாது. தவறான எண் சரியான இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். பத்தியின் தலைப்பைப் படித்து, அந்தத் தலைப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எடுப்பதே சரி. தலைப்பு கிடைக்கவில்லை என்றால் சுழியம் காட்டக் கூடாது. 'விலையைப் படிக்க முடியவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விலையை நம்பி ஒருவர் சரக்கை ஏற்றிவிடுவார் என்பது எழுதுகிறவரின் மனதில் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எண்கள். பக்கத்தில் இருப்பவை கணினிக்கு எண்கள் அல்ல, எழுத்துகள். நடுவில் காற்புள்ளி இருக்கலாம், முன்னும் பின்னும் இடைவெளி இருக்கலாம். அவற்றை நீக்கி எண்ணாக மாற்றினால்தான் கூட்டலும் கழித்தலும் சரியாக வரும். திரும்பக் காட்டும்போது லட்சம், கோடிக்கு நாம் காற்புள்ளி வைக்கும் முறையில் காட்ட ஜாவாஸ்கிரிப்டிலேயே வசதி இருக்கிறது. தமிழ்-இந்தியா என்று மொழிக் குறியீடு கொடுத்தால் 1,25,000 என்று அதுவே பிரித்துத் தரும்.

மூன்றாவது, மறதி. இது புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம். குரோமின் இப்போதைய மேனிஃபெஸ்ட் 3 விதிகளின்படி, பின்னணி நிரல் 30 விநாடி வேலையில்லாமல் இருந்தால் பிரவுசர் அதை நிறுத்திவிடும். மாறிகளில் வைத்திருந்த மதிப்புகள் எல்லாம் அதோடு போய்விடும். சோதித்துப் பார்க்கும்போது தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பதால் இது கண்ணில் படாது. மறுநாள் காலையில் நேற்றைய விலை காணாமல் போயிருக்கும். ஆகவே எதை நினைவில் வைக்க வேண்டுமோ அதை நீட்சிக்கென்று உள்ள சேமிப்பில் உடனே எழுதிவிட வேண்டும். குரோமில் இதற்கு 10 எம்.பி. இடம் கிடைக்கிறது. பல வருட ஏலக்காய் விலையைப் போட்டாலும் நிரம்பாது. குறிப்பிட்ட நேரத்தில் எழுப்புவதற்கும் சாதாரண டைமர் உதவாது, பிரவுசர் தரும் அலாரம் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அலாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. விலை மாறுவது ஏலத்துக்கு ஒரு முறை. நாளுக்கு இரண்டு மூன்று தடவை பார்த்தால் போதும். பொதுத் தளத்தின் சர்வரைக் காரணமில்லாமல் தட்டிக்கொண்டிருப்பது மரியாதை அல்ல.

எந்த விலையைப் பெரிதாகக் காட்டுவது

இது நிரல் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. ஆனால் நீட்சி நல்லதா கெட்டதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

அதிகபட்ச விலை என்பது அன்று வந்த சரக்கிலேயே மிக நல்ல லாட்டுக்குக் கிடைத்தது. நல்ல பச்சை, பெரிய காய், சரியான காய்ச்சல் எல்லாம் சேர்ந்த சரக்கு. சிறு தோட்டக்காரரின் கலப்புக் காய்க்கு அந்த விலை வராது. அதைப் பெரிய எழுத்தில் காட்டினால், பார்ப்பவர் கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும் ஒட்டாது. சராசரியைப் பெரிதாகவும், அதிகபட்சத்தைக் கீழே சிறிதாகவும் வையுங்கள். வந்த சரக்கின் அளவும் பக்கத்தில் இருக்கட்டும். வரத்து கூடினால் விலை இறங்குவதை அவர்களே கண்ணால் பார்ப்பார்கள்.

ஒரே நாளில் இரண்டு ஏலம் நடந்தால் இன்னொரு சிக்கல். ஒரு பேச்சுக்குச் சொல்வதானால், காலை ஏலத்தில் 20,000 கிலோ 2,000 ரூபாய் சராசரிக்கும், மாலை ஏலத்தில் 60,000 கிலோ 2,400 ரூபாய் சராசரிக்கும் விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,200. அது தவறு. விற்ற கிலோவையும் சேர்த்துக் கணக்கிட்டால் அன்றைய உண்மையான சராசரி 2,300. கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம். ஐம்பது கிலோ மூட்டைக்கு ஐயாயிரம் ரூபாய். நிரலில் இது ஒரே ஒரு வரி மாற்றம்தான்.

அனுமதி கேட்பது

நீட்சியை நிறுவும்போது, 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது மிகை அல்ல. அந்த அனுமதியைப் பெற்ற நீட்சி, வங்கிப் பக்கத்தையும் மின்னஞ்சலையும்கூடப் படிக்க முடியும். ஏலக்காய் விலை நீட்சிக்குத் தேவை ஒரே ஒரு தளம். மேனிஃபெஸ்டில் அந்த ஒன்றின் பெயரை மட்டும் எழுதினால், எச்சரிக்கையும் அந்த ஒன்றோடு நிற்கும். எல்லாத் தளங்களுக்கும் கேட்டுவிட்டால் பின்னால் வசதி என்று சிலர் எழுதுவதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன்.

காரணம் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் நீட்சி, பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும். சுமார் 20 லட்சம் பேர் அதை வைத்திருந்தார்கள். 2020இல் அதை எழுதியவர் பராமரிப்பை வேறொரு தரப்புக்குக் கைமாற்றினார். அதன்பின் வந்த பதிப்புகளில் சந்தேகத்துக்குரிய நிரல் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீம்பொருள் என்று சொல்லிக் கடையிலிருந்து நீக்கியது. முதலில் எழுதியவர் மீது நம்பிக்கை வைத்து நிறுவியவர்களுக்கு, கை மாறியது தெரியவே தெரியாது. நீட்சி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அனுமதி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. குறைவாகக் கேட்டிருந்தால், யார் கைக்குப் போனாலும் குறைவாகத்தான் கெடுக்க முடியும்.

இன்னொரு நிச்சயமின்மையும் இந்தத் தொழிலில் உண்டு. நீட்சி எழுதுவது வாடகை வீட்டில் அலமாரி அடிப்பது மாதிரி. பக்கத்தின் அமைப்பும் நம்முடையதல்ல, பிரவுசரின் விதிகளும் நம்முடையவை அல்ல. தமிழ் வாசகர்கள் இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறார்கள். 2000களின் நடுப்பகுதியில் தமிழ்த் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். நாகார்ஜுன வென்னா தெலுங்குக்காகத் தொடங்கிய 'பத்மா' என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, தமிழுக்கும் விரிந்து, அப்படிப்பட்ட பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டியது. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைத் தந்த தமிழா குழுவினரின் 'தமிழ்விசை' நீட்சி, பிரவுசருக்குள்ளேயே தமிழில் தட்டச்சு செய்ய வைத்தது. சம்பளம் வாங்காமல், விருப்பத்தால் செய்த வேலைகள் இவை. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது பழைய முறையில் எழுதிய நீட்சிகளுக்கான ஆதரவையே மொசில்லா நிறுத்தியது. புது முறைக்கு மாற்றி எழுத ஆள் இல்லாத நீட்சிகள் எல்லாம் அதோடு முடிந்தன.

மலைக்கு மேலே

இனி போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள் இயங்காது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் நீட்சிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்றாலும், ஏலக்காய் விலை பார்ப்பதற்காகத் தோட்டத்தில் நிற்பவரைப் பிரவுசர் மாற்றச் சொல்ல முடியாது. செயலிதான் வழி.

சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஹைவேவிஸ், மணலார், வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று தேயிலைத் தோட்டங்களும் அணைகளும் காடும் மாறி மாறி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். டவர் ஒரு வளைவில் கிடைக்கும், அடுத்த வளைவில் போய்விடும். தேனியில் உட்கார்ந்து வைஃபையில் சோதித்த செயலி இங்கே வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். செயலி எழுதுகிறவர் இந்த இடத்தை ஒரு விதிவிலக்காக நினைக்காமல், இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மேகமலையில் ஓடும் செயலி கீழே கம்பம் நகரிலும் ஓடும். கம்பத்துக்காக எழுதியது மேகமலையில் ஓடாது.

இதற்குப் பொருத்தமான வழி, பி.டபிள்யூ.ஏ. என்று சொல்லப்படும் முற்போக்கு வலைச் செயலி. பெயர்தான் பெரிது. உள்ளே இருப்பது சாதாரண இணையப் பக்கம்தான். அதோடு சர்வீஸ் வொர்க்கர் என்ற ஒரு நிரலைச் சேர்த்தால், முதல் முறை திறக்கும்போதே பக்கத்தின் கோப்புகளைப் போனில் சேமித்துவிடும். அடுத்த முறை டவர் இல்லாவிட்டாலும் பக்கம் திறக்கும். முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் மற்ற செயலிகளைப் போலவே படத்தோடு நிற்கும். பிளே ஸ்டோர் தேவையில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் சேவையில் இலவசமாகப் போட்டு, முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

ஆனால் நீட்சியில் எழுதிய அதே நிரலை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் வேலை செய்யாது. ஒரு தளத்தின் பக்கத்தில் ஓடும் நிரல், இன்னொரு தளத்தின் உள்ளடக்கத்தை அந்தத் தளத்தின் சம்மதம் இல்லாமல் படிக்கப் பிரவுசர் விடாது. நீட்சிக்கு நாம் தனியாக அனுமதி கொடுத்ததால் அது படித்தது. வலைச் செயலிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே நடுவில் ஒரு கை வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு சின்ன நிரலை வைத்து, தினமும் குறித்த நேரத்தில் அட்டவணையைப் படித்து, தேதி, கிலோ, விலை மட்டும் கொண்ட ஒரு கோப்பாக எழுதச் சொல்லலாம். செயலி அந்தக் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு வருட விலை முழுவதும் சேர்ந்தாலும் அந்தக் கோப்பு ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. ஒரு நிமிடம் டவர் கிடைத்தால் இறங்கிவிடும். பொதுவில் திறந்து வைத்த நிரல் களஞ்சியத்துக்கு (ரெபாசிட்டரி) இந்தச் சேவை இலவசம். 60 நாள் களஞ்சியத்தில் எந்த அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் இந்த நேரக் கட்டளையை நிறுத்திவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டவர் இல்லாமல் காட்டும் விலை பழைய விலைதான். அதை மறைக்கக் கூடாது. விலைக்கு நேர் மேலே, அதே அளவு எழுத்தில், எந்தத் தேதி ஏலம் என்று இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் பழையதானால் நிறம் மாறட்டும். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகத் தேதி போடுவது அழகாக இருக்கலாம். வெயிலில் நின்று ஐயாயிரம் ரூபாய் போனில் பார்ப்பவருக்கு அது தெரியாது.

தமிழில் எழுதும்போது ஒரு நுணுக்கம். 'மேகமலை' நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ஆறு. 'மே'யில் மகரமும் ஏகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள், 'லை'யும் அப்படியே. இடம் போதவில்லை என்று பெயரை ஐந்து குறியீட்டோடு வெட்டச் சொன்னால் 'மேகமல' என்று நிற்கும். சில பெயர்களில் புள்ளி மட்டும் காணாமல் போகும். எழுத்துகளாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் இப்போது உள்ளமைந்த வசதி உண்டு. பைத்தானில் எழுதுபவர்களுக்கு, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் தந்த ஓப்பன்-தமிழ் நிரலகம் இருக்கிறது. இதைவிட நல்ல தீர்வு, தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்று தெரிந்துகொண்டு பொத்தானை அகலமாக வைப்பது. சந்திப்பிழை பார்க்க 'நாவி', எழுத்துப்பிழை பார்க்க 'வாணி' என்று நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் மதுரை இராஜாராமன் தன் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. செயலியில் போடும் நாலு வரித் தமிழையும் அவற்றில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

விலை பார்க்கும் செயலி பழகியதும் அடுத்து எதைச் செய்யலாம் என்று கேட்டால், நான் கொழுந்துக் கணக்கைச் சொல்வேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தினம் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்பதை அவர்களே தங்கள் போனில் குறித்து வைத்துக்கொள்ள ஒரு செயலி. தேதி, காலை எடை, மாலை எடை, மாதக் கூட்டல். இணையமே வேண்டாம். சர்வர் வேண்டாம், லாகின் வேண்டாம், ஓர் அனுமதியும் வேண்டாம். எழுதியது எல்லாம் அந்தப் போனிலேயே இருக்கும். சம்பளத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொந்தக் கணக்கு கையில் இருக்கும். பெரிய எண்கள், பெரிய பொத்தான்கள், ஒரே திரை. பள்ளி மாணவர்கள்கூட இதைச் செய்துவிட முடியும். 2010இல் கூகுள் தொடங்கி, பிறகு எம்.ஐ.டி.யின் பொறுப்புக்குப் போன ஆப் இன்வென்டரில், கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கினாலே ஆண்ட்ராய்டு செயலி வந்துவிடும். போனிலேயே சேமிக்கும் வசதியும் அதில் உண்டு.

பிளே ஸ்டோரில் போட வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டினால்தான் வெளியிட முடியும். முதலில் 20 பேர் என்று இருந்ததைப் பின்னால் குறைத்தார்கள். குரோம் நீட்சிக் கடைக்கு 5 டாலர், அதுவும் ஒரு முறைதான். ஆப்பிளுக்கு வருடாவருடம் 99 டாலர். திறந்த மூலச் செயலிகளுக்கு எஃப்-டிராய்ட் என்ற கடை கட்டணமே வாங்குவதில்லை.

செய்யாமல் விட வேண்டிய செயலி

மேகமலை என்றதும் நிரல் எழுதும் இளைஞர்கள் மனதில் சட்டென்று தோன்றுவது, யானை எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடச் செயலி. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை மேகமலைக் காட்டைச் சுற்றிவிட்டு, 27ஆம் தேதி கம்பம் நகருக்குள்ளேயே வந்தபோது மக்கள் பட்ட பதற்றம் தெரியும். ஜூன் 5ஆம் தேதி பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை கழுத்துப்பட்டையின் ஜி.பி.எஸ். சமிக்ஞையை வனத்துறை தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தது. அந்த நாள்களில் எது செய்தி, எது வதந்தி என்று பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. யார் வேண்டுமானாலும் புள்ளி வைக்கலாம் என்ற வரைபடம் அந்தப் பதற்றத்தைக் கூட்டியிருக்கும். பார்க்கக் கூட்டமும் கூடியிருக்கும்.

இது 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. விலங்கு நிற்கும் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போடுவது வேட்டைக்காரருக்கும் உதவும். அதனால்தான் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்ய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி, ஆபத்தில் உள்ள உயிரினங்களின் இடத்தைப் பொதுப் பார்வைக்குத் தோராயமாக மட்டும் காட்டுகிறது. நீங்கள் ஏதேனும் பறவைச் செயலி செய்து பழகினால் இந்த வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

யானை எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எப்படிச் செய்வது என்பதற்கு வால்பாறை இருக்கிறது. அங்கும் தேயிலைத் தோட்டம், அங்கும் டவர் பிரச்சினை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து வரி, எஸ்.எம்.எஸ்., குரல் அழைப்பு, முக்கியமான இடங்களில் போன் மூலம் எரிய வைக்கும் சிவப்பு விளக்கு என்று ஓர் ஏற்பாட்டைப் பல வருடங்களில் படிப்படியாகக் கட்டினார்கள். ஸ்மார்ட்போன் தேவையில்லை. பட்டன் போனில் தமிழில் வரும் குறுஞ்செய்தி போதும். தகவலை உறுதி செய்துகொண்டு அனுப்ப ஆள் இருந்தார்கள், அந்தந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அது போனது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். செயலி எழுதத் தெரிந்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதற்குச் செயலி வேண்டுமா, எஸ்.எம்.எஸ். போதாதா என்பதே.

எழுதி முடித்ததும் மூன்று வேலை பாக்கி இருக்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் போனில் இல்லாமல், தோட்டத்தில் இருக்கும் ஒருவருடைய பழைய போனில் போட்டுக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். கடைசியாக, மூல நிரலைத் திறந்த உரிமத்தோடு பொதுவில் போடுங்கள். எப்படி ஏற்றுவது, எந்த அட்டவணையைப் படிக்கிறது, எது உடையக்கூடும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அதனுடன் வையுங்கள். நீங்கள் வேலை தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பிறகு, போடி அரசு பொறியியல் கல்லூரியிலோ உத்தமபாளையத்திலோ படிக்கும் ஒருவர் அதை எடுத்து நடத்த அந்த ஒரு பக்கம் வேண்டும்.